ஆறாம் பாடத்தில் நான்கு நிமிடம்

அக்டோபர் 6, திங்கள்

மறதி அதிகமாகிவிட்டது. வேலை விஷயங்களையாவது எழுதி வைக்கலாம் என்று இந்த நோட்டை எடுத்தேன். ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன். இப்போது வருகிற பால்பாயின்ட் பேனாக்களில் மை சரியாக விழுவதில்லை.

புத்தூரில் முதல் மாடியில் எங்கள் அறக்கட்டளை. பார்வையில்லாத கல்லூரி மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை ஒலிநூலாக்கிக் கொடுக்கிறோம். தன்னார்வலர்கள் வந்து வாசிப்பார்கள். அவர்களுடைய தடுமாற்றம், இருமல், தெருவில் அடித்த ஹாரன் எல்லாவற்றையும் வெட்டி ஒழுங்கு செய்வது என் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். நான் முடித்ததை செபா, அதாவது செபஸ்தியான், கேட்டுப் பிழை சொல்வான். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. முப்பத்து நான்கு வயது. அவன் காதுக்குத் தப்பி ஒரு பிழை வெளியே போனதாக எனக்கு நினைவில்லை.

இப்போது கையிலிருப்பது வரலாறு, பதினான்கு பாடங்கள். நவம்பர் பத்தாம் தேதி இருபத்து மூன்று மாணவர்கள் கையில் சேர வேண்டும். பதினேழில் தேர்வு.

இன்று எடிட்டிங் மென்பொருளைப் பற்றி ஒரு விவாதம். ஆறு வருடமாக நாங்கள் வைத்திருப்பது சோதித்து முடித்து வெளியிட்ட ஸ்டேபிள் பதிப்பு. அதன் அடுத்த பதிப்பு இப்போது பீட்டாவாக வந்திருக்கிறது. செபாதான் ஆரம்பித்தான்.

"மேடம், புதுசுல ஸ்கிரீன் ரீடர் ஒழுங்கா வேலை செய்யுது. கர்சர் எந்த நிமிஷத்துல நிக்குது, எதுலேர்ந்து எதுவரைக்கும் செலக்ட் பண்ணிருக்கோம், எல்லாம் வாயால சொல்லுது. பழசுல ஒண்ணும் சொல்லாது. அதான் என்னால கேக்க மட்டும் முடியுது, வெட்ட முடியல."

திலகவதி மேடம்தான் எங்கள் மேலாளர். "பீட்டான்னா இன்னும் சரிபார்த்து முடிக்கலன்னு அர்த்தம் செபா. பரீட்சை நேரத்துல அதை வச்சு ஆழம் பார்க்க முடியுமா?"

நான் மேடம் பக்கம் பேசினேன். ஸ்டேபிள் போதும் என்றேன்.

கடைசியில் மேடம் என்னைக் காட்டி, "ரெண்டு கம்ப்யூட்டர்லயும் பீட்டாவைப் போடுங்க. தீபாவளி கழிச்சு எது இருக்கணும்னு அமுதா சொல்லட்டும். நல்லா ஓடுனா செபாவை எடிட்டர்னே போட்டுடலாம்" என்றார்.

செபா மேசை விளிம்பை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

அக்டோபர் 8, புதன்

பீட்டா இரண்டு முறை நின்றுபோனது. ஸ்டேபிள் ஒருமுறைகூட இல்லை. குறித்துக்கொண்டேன்.

ஸ்கூட்டியை எடுக்கவில்லை, மழை வரும்போல் இருந்தது. பேருந்தில் போனேன். மழை வரவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஸ்டேபிளில் திரை முழுவதும் வெள்ளை, ஒலியின் அலை வெளிர்நீலம். நம் மானிட்டர் பழசாகிவிட்டதால் கொஞ்ச நாளாக அந்த நீலம் வெள்ளையோடு கலந்துவிடுகிறது. பீட்டாவில் கறுப்புத் திரையில் மஞ்சள் அலை வைத்துக்கொள்ளலாம். வைத்துப் பார்த்தேன். அலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்தது. ரொம்ப நாள் கழித்து மூன்று மணி நேரம் தலைவலி இல்லாமல் வேலை செய்தேன்.

மானிட்டரை மாற்றச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

பேசும் வசதியையும் சோதித்துப் பார்க்க வேண்டுமல்லவா. ஹெட்போனை மாட்டிக்கொண்டு போட்டுவிட்டேன். "பன்னிரண்டு நிமிடம் நான்கு நொடி. தேர்ந்தெடுத்தது, இரண்டு நொடி" என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே வருகிறது. நன்றாகத்தான் இருந்தது. நாலாம் பாடத்தை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன்.

பின்னாலிருந்து செபா, "அக்கா, உங்க கம்ப்யூட்டர் பேசுதா?" என்றான். ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"சோதிச்சுப் பார்க்குறேன்."

"காலையிலேர்ந்தா?"

"மேடம் ரிப்போர்ட் கேக்குறாங்கல்ல."

"சரிக்கா" என்றான். அவன் போன பிறகு பேச்சை அணைத்துவிட்டேன். ஒரு நாள் சோதனை போதும். மஞ்சள் அலை மட்டும் இருக்கட்டும்.

அக்டோபர் 15, புதன்

தீபாவளித் துணி எடுக்க என் கணவர் சுகுமாரோடு தெப்பக்குளம் கடைவீதி. என்ன கூட்டம். விளக்கு மினுக்கல் ஒருபக்கம், சந்தில் இருட்டு ஒருபக்கம். அவர் கையைப் பிடித்தவள் வீடு திரும்பும்வரை விடவில்லை. "என்ன, இருபத்து மூணு வருஷம் கழிச்சு இப்பதான் ஆசை வருதா?" என்று சிரித்தார். ஹார்டுவேர் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் மனிதர். அவர் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது. நானும் சிரித்தேன்.

எனக்கு அவர் எடுத்துக் கொடுத்தது பச்சை என்று நினைத்தேன். பில் போடுகிற பெண் நேவி ப்ளூ என்றாள்.

அக்டோபர் 16, வியாழன்

செபா ஒன்பதாம் பாடத்தைப் பீட்டாவில் முழுக்க அவனே எடிட் செய்துவிட்டான். நான் கேட்டுப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மூச்சை வெட்டியிருக்கிற இடங்கள் என்னைவிட நன்றாக இருக்கின்றன. "எப்படிக்கா?" என்று மூன்று முறை கேட்டான்.

அக்டோபர் 17, வெள்ளி

ஆறாம் பாடம் முடிந்தது. தன்னார்வலர் கிருத்திகா வாசித்தது. நல்ல குரல், ஆனால் மூச்சு வாங்குகிறது. ஒன்பதாம் மாதம். இன்று காலை பிரசவத்துக்கு புதுக்கோட்டையில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் பதிவு இருந்த மெமரி கார்டை அழித்து அடுத்த வாசகருக்குக் கொடுத்தேன். எங்களிடம் இருப்பதே மூன்று கார்டுகள்.

ஐந்தரைப் பேருந்தைப் பிடித்துவிட்டேன். வெளிச்சம் இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு சுட்டேன். இரண்டு ஈடு கருகிவிட்டது. சுகுமார் கருகியதையும் தின்றார். சாயங்காலம் வாசலுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். புகை என்று உள்ளேயே இருந்துவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

காலையில் செபா என் மேசைக்கு வந்தான். "ஆறாம் பாடத்துல பன்னெண்டாவது நிமிஷம் ஒரு வாக்கியம் பாதியில நிக்குதுக்கா. அடுத்து வேற தலைப்பு வருது. வாசிக்க வந்த ஒருத்தரைப் புத்தகத்தைப் பாத்துச் சொல்லச் சொன்னேன், ரெண்டரைப் பக்கம் இல்ல. நாலு நிமிஷம் இருக்கும்."

நான் திறந்து பார்த்தேன். இல்லை. சேமித்து மூடிவிட்ட கோப்பில் பின்னோக்கிப் போக வழியில்லை. கார்டு அழிந்துவிட்டது. கிருத்திகாவுக்கு நேற்றுதான் பெண் குழந்தை பிறந்ததாக மேடத்துக்குச் செய்தி வந்திருக்கிறது. அவளைக் கேட்க முடியாது.

மேடம் வந்து நின்றார். "என்ன ஆச்சு?"

"பீட்டாதான் மேடம். சேவ் பண்ணும்போது தின்னுடுச்சு" என்றேன். யோசிப்பதற்கு முன்னாலேயே வாயில் வந்துவிட்டது.

மேடம் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நான் அன்னிக்கே சொன்னேன். எடுத்துடுங்க, ரெண்டு மெஷின்லேர்ந்தும் இன்னிக்கே எடுத்துடுங்க."

செபா மெதுவாக, "நான் அதுல செஞ்ச ஒன்பதாம் பாடம், பத்தாம் பாடம் ரெண்டும் நல்லாத்தானே மேடம் இருக்கு?" என்றான்.

"இன்னிக்கு நல்லாருக்கு செபா. நாளைக்கு எதைத் தின்னும்னு யாருக்குத் தெரியும்? அமுதாவுக்கே இப்படின்னா."

என் கணினியில் இருந்ததை நான் எடுக்கிறேன் என்றேன். "வேணாங்கா, ரெண்டையும் நானே எடுத்துடுறேன்" என்றான். எடுப்பதற்கு முன் நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கும் கோப்பை நகல் எடுத்து, மென்பொருள் செய்தவர்களுக்கு ஒரு புகார்க் கடிதமும் அனுப்பினான். "அவங்க சரி பண்ணிட்டா மேடம் மறுபடி ஒத்துப்பாங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

அக்டோபர் 24, வெள்ளி

வெள்ளைத் திரை. ஏழாம் பாடத்துக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது. "என்ன அமுதா, இவ்வளவு நேரமா?" என்றார் மேடம். தலைவலி என்றேன். அது பொய்யில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. அலுவலக மின்னஞ்சலைத் திறப்பது நான்தான். எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் படித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பதிவுக் கோப்பைப் பார்த்தார்களாம். அக்டோபர் 17 மாலை ஐந்து மணி இருபத்தொரு நிமிடத்தில் நான்கு நிமிடம் ஆறு நொடி கொண்ட பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டு, விசைப்பலகையிலிருந்து நீக்கல் கட்டளை வந்திருக்கிறது. உடனே சேமிக்கப்பட்டிருக்கிறது. மென்பொருளில் குறை எதுவும் காணப்படவில்லை. இழப்புக்கு வருந்துகிறோம்.

எனக்கு நினைவிருக்கிறது. கிருத்திகா இருமிய இடம். ஒரு நான்கு நொடி. அதைத்தான் தேர்ந்தெடுத்ததாக நினைத்தேன். இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று அவசரம். வெட்டிய இடத்தைத் திரும்பக் கேட்டுப் பார்க்கவில்லை. இங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். பேச்சு போட்டிருந்தால் "தேர்ந்தெடுத்தது, நான்கு நிமிடம்" என்று சொல்லியிருக்கும்.

அக்டோபர் 29, புதன்

செபா கேட்டான், பதில் வந்ததா என்று. இல்லை என்றேன்.

நவம்பர் 1, சனி

மதியம் செபாவும் நானும் மட்டும். அவன் மனைவி ஜெனிட்டா தக்காளி சாதம் கொடுத்தனுப்பியிருந்தாள். என் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பாதியை வைத்தான்.

"பதில் வரலியாக்கா?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் சாப்பிட்டான். "ஜெனிட்டாகிட்ட எடிட்டர் ஆகப்போறேன்னு சொல்லிட்டேன். அவ அவங்க அம்மா வீடு வரைக்கும் சொல்லிட்டா. இப்ப இல்லன்னு சொன்னேன். பரவால்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல." ஒரு வாய் எடுத்தான். "முன்னாடி இந்த வேலை நம்மால ஆகாதுன்னு நெனச்சு சும்மா இருந்தேன். அதுல ஒரு நிம்மதி இருந்துச்சு. ஒன்பதாம் பாடம் முடிச்சன்னிக்கு ஆகும்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே சும்மா இருக்குறதுதான் கஷ்டம்."

நான் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றேன்.

நவம்பர் 3, திங்கள்

மேடம் முடிவெடுத்துவிட்டார். "ரெண்டரைப் பக்கம்தானே. கிருத்திகா குரல் இல்லாட்டி என்ன, பசங்களுக்குப் பாடம் வேணும். அமுதா, நீயே உக்காந்து வாசிச்சுடு. நான் பதிவு பண்றேன்."

தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். போன வாரம் வேறொரு பக்கத்தை வாசிக்கச் சொன்னபோது அப்படிச் சொல்லித்தான் தப்பித்தேன். இன்று எழுந்து போனேன். எதை நம்பிப் போனேன் என்று தெரியவில்லை.

பதிவு அறையில் ஒரு டியூப் லைட். புத்தகத்தை முகத்தருகே கொண்டுவந்தேன். தலைப்பு தெரிந்தது. முதல் வரியில் இரண்டு சொற்கள் தெரிந்தன, மூன்றாவது இல்லை, நான்காவது பாதி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேடம், அவர் பக்கத்தில் ஹெட்போனோடு செபா. நான் "ஆட்சி" என்றேன். பிறகு "ஆட்சியில்" என்றேன். பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டேன் என்று தெரிந்தது.

மேடத்தின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "என்ன அமுதா? கண்ணாடி மாத்தணுமா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். இன்னும் ஒரு மாதம் ஓடிவிடும்.

"இல்ல மேடம். கண்ணாடி மாத்தி ஆகப்போறது ஒண்ணுமில்ல. எனக்கு எழுத்து தெரியல. ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது."

மைக் திறந்தே இருந்தது.

"பீட்டா எதையும் தின்னல மேடம். நான்தான் அழிச்சேன். நாலு நொடின்னு நெனச்சு நாலு நிமிஷத்தை அழிச்சுட்டேன். பதில் வந்துடுச்சு. அதுல நேரம் முதக்கொண்டு போட்டிருக்காங்க."

மேடம் எழுந்து கதவைத் திறந்தார். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "ஏம்மா சொல்லல?" என்றார். பதினெட்டு வருடத்தில் என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டதில்லை. பார்வையில்லாதவர்களுக்காக வேலை செய்கிற இடத்தில், பார்வையில்லாத ஒருவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எதற்கு வெட்கப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது.

செபா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். "சனிக்கிழமை கேட்டேனே" என்றான். அவ்வளவுதான். பிறகு போய் அவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அந்த இரண்டரைப் பக்கத்தையும் மேடமே வாசித்தார். மாணவர்களைத் திட்டுவதுபோல் இருக்கிறது. இருக்கட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

சுகுமாரிடம் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கண் முகாமில், கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, ராத்திரி ராத்திரி சொட்டு மருந்து விட வேண்டும், ஆயுசுக்கும் விட வேண்டும் என்றார்கள். நான்கு மாதம் விட்டேன். விட்டதாலும் ஒன்றும் தெரியவில்லை, விடாததாலும் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். அப்புறம் ஓரங்கள் போக ஆரம்பித்தன. பிறகு நடுவிலும் புகைபோல. அப்போது போய்ச் சொல்ல பயம், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்களே என்று.

அவர் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ கடைத்தெருவுல கையைப் புடிச்சது இதுக்குத்தானா?"

ஆமாம் என்றேன். அதிலாவது பொய் சொல்லியிருக்கலாம்.

சாப்பிட்டு முடித்து வெளியே போனார். திரும்பி வந்து, வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார்.

நவம்பர் 5, புதன்

பீட்டா திரும்ப வந்துவிட்டது. மேடம் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாராம், மூலப்பதிவை யாரும் எந்தக் காரணத்துக்கும் அழிக்கக்கூடாது என்று. புதிதாக ஆறு கார்டு வாங்கச் சொல்லிவிட்டார். பன்னிரண்டிலிருந்து பதினான்கு வரை செபா எடிட் செய்கிறான். நான் கேட்டுப் பிழை சொல்கிறேன். தேவையானதை மட்டும் பேசுகிறான். அக்கா என்கிற சொல் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

ஆஸ்பத்திரி. ஒரு கிண்ணம்போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நெடுநேரம் எதுவும் வரவில்லை. இயந்திரம் ஓடவில்லையோ என்று கேட்டேன். அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இரண்டு மருந்து. ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்கவேயில்லை.

இரவு சுகுமார்தான் மருந்து விட்டார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

நவம்பர் 10, திங்கள்

பதினான்கு பாடங்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. இருபத்து மூன்று பேருக்கும். ஒரு மாணவி மேடத்துக்கு போன் செய்து, ஆறாம் பாடத்தில் நடுவில் யாரோ அதட்டுகிறார்களே, அது யார் என்று கேட்டாளாம்.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டு நாளாகப் பொருளாதாரம், முதல் பாடம். திரையை அணைத்துவிட்டுப் பேச்சை வைத்துச் செய்தேன். கண்ணோடு செய்த காலத்தில் மூன்று மணி நேர வேலை. இப்போது ஒன்பது மணி நேரம் ஆனது. முதுகு ஒடிந்துவிட்டது. மத்தியானம் எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா, திரும்ப வரவே வேண்டாமா என்று இருந்தது.

செபா கேட்டுவிட்டு, "நாலு இடத்துல மூச்சு பாதியில அறுந்திருக்கு. ஏழாவது நிமிஷம், பதினொண்ணு, பதினெட்டு, இருபத்தாறு. மறுபடி செய்யணும்" என்றான். சலுகை எதுவும் இல்லை. மறுபடி செய்தேன். திரும்பக் கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்றான்.

கிளம்பும்போது ஆறரை. மின்சாரம் இல்லை. மாடிப்படி கும்மிருட்டு. முதல் படியில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். செபா என்னைத் தாண்டி இறங்கினான். அவன் காலடிச் சத்தம் நான்கைந்து படி போய் நின்றது.

"பத்தொன்பது படி" என்றான் திரும்பாமல். "பத்தாவதுல திரும்பும். அதுக்கு அடுத்த படி மட்டும் கொஞ்சம் உயரம்."

அவன் கீழே போய், கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தான். அது கிறீச்சிட்டு நின்ற சத்தத்தில் தெரிந்தது. நான் எண்ணிக்கொண்டே இறங்கினேன். பதினெட்டு வருடமாக ஏறி இறங்கிய படி. எத்தனை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.